ஸ்லோவில் நிற்காத செயின்சா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆக்சிலரேட்டரை விட்டதும் அணைந்துபோகும். இல்லாவிட்டால் விட்ட பிறகும் தானாகவே அலறும். அதுவும் இல்லாவிட்டால் என்ஜின் அமைதியாக ஓடும்போதே செயின் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும். செயின்சாவில் ஐடில், அதாவது ஸ்லோ, கெட்டுப்போனால் தெரியும் மூன்று முகங்கள் இவை. இதைக் கண்டதும் கை முதலில் திருப்புளியைத்தான் தேடும். ஆனால் நேற்று வரை சரியாக ஓடிய மெஷினில் ஸ்க்ரூ தானாகத் திரும்பியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. காற்றோ பெட்ரோலோ எங்கேயோ தடைபட்டிருக்கும், அல்லது எங்கேயோ கசியும். அதைக் கண்டுபிடிக்காமல் ஸ்க்ரூவைத் திருகினால் பழுது மறைந்துகொள்ளும், கடைசியில் பிஸ்டன் போகும். கீழே உள்ள பதில்கள் டூ-ஸ்ட்ரோக் பெட்ரோல் செயின்சாக்களுக்கானவை.

ஐடில் எத்தனை ஆர்.பி.எம். இருக்க வேண்டும்?

பெரும்பாலான மாடல்களில் 2,500 முதல் 3,000 வரை. 2,700 அல்லது 2,800 என்ற எண்ணைத்தான் கையேடுகளில் அதிகம் பார்க்கலாம். என்ஜினைச் செயினோடு இணைக்கும் கிளட்ச் பிடிக்கத் தொடங்குவது அதற்கு ஆயிரம் சுற்றாவது மேலே இருக்கும். இந்த இடைவெளிதான் உங்கள் பாதுகாப்பு. டாக்கோமீட்டர் (சுற்று எண்ணும் கருவி) இல்லையென்றால் காதும் கண்ணும் போதும்: என்ஜின் விட்டுவிட்டு இல்லாமல் சீராக ஓட வேண்டும், செயின் ஒரு பல்கூட நகரக் கூடாது.

எல், எச், டி என்று மூன்று ஸ்க்ரூ இருக்கிறதே, எது எதற்கு?

எல் என்பது குறைந்த வேகத்துக்கான பெட்ரோல். எச் என்பது முழு வேகத்துக்கான பெட்ரோல். இந்த இரண்டையும் கடிகாரத் திசையில் திருகினால் பெட்ரோல் குறையும், எதிர்த்திசையில் திருகினால் கூடும். மூன்றாவது ஸ்க்ரூவுக்கும் பெட்ரோலுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. கார்புரேட்டருக்குள் காற்று வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் தகடு எவ்வளவு மூடலாம் என்று தடுத்து நிறுத்துவது மட்டுமே அதன் வேலை. ஹஸ்க்வர்னாவில் அதற்கு டி என்று பெயர், ஸ்டில் மெஷின்களில் எல்ஏ. அதை உள்ளே திருகினால் ஐடில் ஏறும், வெளியே திருகினால் இறங்கும்.

இந்த வேறுபாடு மனதில் நின்றுவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். பெட்ரோல் போதாமல் அணையும் என்ஜினை டி ஸ்க்ரூவால் தூக்கிப் பிடித்தால், தகடு அளவுக்கு மேல் திறந்து நிற்கும். ஸ்லோவில் நிற்பது போலத் தெரியும், ஆனால் ரேஸ் கொடுத்தால் திணறும்.

ஸ்க்ரூவைத் தொடுவதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

ஸ்டார்ட் செய்யும்போது சோக் இழுத்தால் பல மெஷின்களில் த்ராட்டில் பாதி திறந்த நிலையில் பூட்டிக்கொள்ளும். ட்ரிக்கரை, அதாவது கைப்பிடியில் உள்ள ஆக்சிலரேட்டரை, ஒருமுறை முழுதாக அழுத்தி விடாமல் "ஐடில் ரொம்ப அதிகம்" என்று நினைப்பவர்கள் உண்டு. முதலில் இதைப் பாருங்கள். ட்ரிக்கர், அதன் கம்பி அல்லது கேபிள், மரத்தூள் சிக்காமல் முழுதாகத் திரும்பி வருகிறதா என்பதையும் பாருங்கள்.

அடுத்து ஏர் ஃபில்டர். அடைத்த ஃபில்டர் காற்றைக் குறைத்து, காற்று-பெட்ரோல் கலவையைக் கனமாக்கும், அதாவது பெட்ரோல் மிகும். ஸ்லோவில் புகை விட்டு, துப்பித் துப்பி அணையும். ஃபில்டரைக் கழற்றிவிட்டுச் சில விநாடி மட்டும் ஸ்லோவில் ஓட்டிப் பார்த்தால் உடனே வித்தியாசம் தெரியும்.

ப்ளக்கைக் கழற்றுங்கள். இடைவெளி பெரும்பாலும் 0.5 மி.மீ. நுனி பழுப்பு நிறத்தில் இருந்தால் நல்லது. ஈரமும் கருப்புமாக இருந்தால் பெட்ரோல் அதிகம் அல்லது ஸ்பார்க் பலவீனம். வெளுத்து உலர்ந்திருந்தால் கலவை மெலிந்திருக்கிறது, அதாவது எங்கேயோ காற்று புகுகிறது அல்லது பெட்ரோல் வரவில்லை. இந்த வெளுத்த ப்ளக் கண்ணில் பட்டால் மேற்கொண்டு மரம் அறுக்காதீர்கள்.

டேங்குக்குள் டியூப் நுனியில் இருக்கும் பெட்ரோல் ஃபில்டரைக் கம்பிக் கொக்கியால் வெளியே இழுங்கள். கருத்துக் கெட்டியாகிவிட்டால் மாற்றுங்கள், கழுவிப் பயன் இல்லை. அப்படியே டியூபையும் வளைத்துப் பாருங்கள், மடிப்பில் விரிசல் தெரியும். சைலன்சரில் தீப்பொறித் தடுப்பு வலை இருந்தால் அதில் கரி அடைத்திருக்கிறதா என்பதும் ஒரு நிமிட வேலைதான்.

ஃபுல் ரேஸில் நன்றாக அறுக்கிறது. ட்ரிக்கரை விட்டதும் அணைந்துவிடுகிறது. ஏன்?

ஸ்லோவில் த்ராட்டில் தகடு கிட்டத்தட்ட மூடியிருக்கும். அப்போது பெட்ரோல் பெரிய ஜெட் வழியாக வருவதில்லை. தகட்டின் ஓரமாக இருக்கும் ஊசிமுனை அளவுத் துளைகள் வழியாகத்தான் வருகிறது. பழைய பெட்ரோல் காய்ந்து பிசின் படிந்தால் முதலில் அடைபடுவது இந்தத் துளைகள்தான். பெரிய வழி திறந்தே இருப்பதால் முழு வேகத்தில் குறை தெரியாது.

எல் ஸ்க்ரூவைக் கால் சுற்று திறந்து பாருங்கள். என்ஜின் அணையாமல் ஸ்லோவில் ஓடினால் நல்லது, சரிசெய்யும் முறை அடுத்த கேள்வியில் உள்ளது. ஒரு முழுச் சுற்று திறந்தும் மாற்றமே இல்லை என்றால் அந்த வழி அடைத்திருக்கிறது. கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யாமல் வேலை நடக்காது.

எல், டி இரண்டையும் சரியாக வைப்பது எப்படி?

ஏர் ஃபில்டர் சுத்தமாக, பாரும் (செயின் சுற்றி ஓடும் நீண்ட தகடு) செயினும் மாட்டிய நிலையில், ஆயில் கலந்த புதுப் பெட்ரோல் ஊற்றி, என்ஜினை மூன்று முதல் ஐந்து நிமிடம் ஓட்டிச் சூடாக்குங்கள். குளிர்ந்த என்ஜினில் வைத்த அளவு சூட்டில் தப்பாகிவிடும். மெஷினைச் சமமான தரையில் வைத்து, செயின் எதிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்டார்ட் செய்யும்போது செயின் பிரேக் போட்டிருக்க வேண்டும். ஐடில் பார்க்கும்போது அதை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் செயின் நகர்கிறதா என்பது தெரியாது.

என்ஜின் ஸ்டார்ட்டே ஆகாத அளவுக்கு அளவு கலைந்திருந்தால், எல், எச் இரண்டையும் மெதுவாக உள்ளே திருகி, தொட்டதும் நிறுத்தி, அங்கிருந்து ஒரு சுற்று திறங்கள். பல கார்புரேட்டர்களில் ஸ்டார்ட் ஆக இது போதும். உங்கள் மாடலின் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதுவே சரி. உள்ளே இறுக்கித் திருகாதீர்கள். ஸ்க்ரூவின் ஊசி முனை பித்தளை போல மென்மையானது, அது போய் உட்காரும் துளையில் அழுந்தினால் இரண்டுமே கெட்டுவிடும்.

இப்போது எல். அதை மிக மெதுவாக உள்ளே திருகுங்கள். என்ஜின் வேகம் ஏறும், ஒரு கட்டத்துக்குப் பிறகு விழத் தொடங்கும். பின் வெளியே திருகுங்கள். மறுபடி ஏறி, உச்சத்தைத் தாண்டி, சத்தம் கனத்து விழும். இரண்டுக்கும் நடுவில் வேகம் மிக அதிகமாக இருக்கும் இடத்தைக் காதால் பிடியுங்கள். அங்கேயே விடக் கூடாது. அங்கிருந்து சுமார் கால் சுற்று வெளியே, அதாவது பெட்ரோல் கூடும் பக்கம், திருகி நிறுத்துங்கள்.

பிறகு ட்ரிக்கரைச் சட்டென்று தட்டிப் பாருங்கள். ஒரு கணம் தயங்கி, "பொக்" என்று உள்வாங்கி, பிறகு ஏறினால் எல் இன்னும் மெலிவு. அரைக்கால் சுற்று (எட்டில் ஒரு பங்கு) திறங்கள். புகையைக் கக்கி, கனமாக முனகி ஏறினால் பெட்ரோல் அதிகம், அரைக்கால் சுற்று மூடுங்கள். தட்டியதும் தயக்கமே இல்லாமல் பாய்ந்தால் எல் அமைந்துவிட்டது.

கடைசியாக டி. செயின் நகரத் தொடங்கும் வரை உள்ளே திருகி, பிறகு செயின் முழுதாக நின்று, அதற்கு மேலும் கால் சுற்றாவது வெளியே எடுங்கள். என்ஜின் அங்கே சீராக நின்றால் வேலை முடிந்தது. எச் ஸ்க்ரூவை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். டாக்கோமீட்டர் இல்லாமல் எச்சை மூடுவது பிஸ்டனைப் பணயம் வைப்பது: டூ-ஸ்ட்ரோக்கில் ஆயில் பெட்ரோலோடு சேர்ந்துதான் உள்ளே போகிறது, பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும்.

ஐடிலில் செயின் ஓடுகிறது. டி ஸ்க்ரூவைக் குறைத்தால் போதுமா?

குறைத்துச் செயின் நின்று, என்ஜினும் அணையாமல் இருந்தால் போதும். செயினை நிறுத்தும் அளவுக்குக் குறைத்தால் என்ஜின் அணைகிறது என்றால் பழுது கிளட்சில் இருக்கிறது. அதைச் சரிசெய்யும் வரை அந்த மெஷினை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போகாதீர்கள். ஓடும் செயினோடு ஓர் அடி எடுத்து வைக்கும்போது தொடையில் படுவதற்கு ஒரு நொடி போதும்.

என்ஜினை அணைத்து, பிரேக்கை எடுத்து, பக்க மூடியைக் கழற்றி, பார், செயினையும் எடுத்துவிட்டு கிளட்ச் ட்ரம்மைக் கையால் சுழற்றுங்கள். வழுக்கிக்கொண்டு சுழல வேண்டும். உரசினால் ட்ரம்முக்குள் இருக்கும் ஊசி பேரிங் காய்ந்திருக்கும் அல்லது எரிந்திருக்கும். சுத்தம் செய்து கொஞ்சம் கிரீஸ் வைத்தால் சில நேரம் சரியாகிவிடும், நிறம் நீலமாக மாறியிருந்தால் மாற்ற வேண்டியதுதான். அடுத்து கிளட்ச் ஸ்பிரிங். ஒன்று உடைந்தாலோ தளர்ந்தாலோ அது இழுத்துப் பிடித்திருக்கும் கிளட்ச் கட்டை ஐடில் வேகத்திலேயே வெளியே விரிந்து ட்ரம்மைப் பிடிக்கும். ஒன்று போனாலும் எல்லா ஸ்பிரிங்கையும் சேர்த்தே மாற்றுங்கள். பெரும்பாலான செயின்சாக்களில் கிளட்ச் இடப்புரி மரை, கடிகாரத் திசையில் திருகினால்தான் கழலும். இது தெரியாமல் பலம் கொடுத்து கிராங்க் மரையை உடைத்துவிடுவது சகஜம்.

செயின் பிரேக் போட்டபடியே ரேஸ் கொடுக்கும் பழக்கம்தான் இந்த ஸ்பிரிங்குகளைச் சூட்டில் தளர்த்துகிறது.

ஐடில் தானாக ஏறுகிறது. ட்ரிக்கரை விட்டாலும் வேகம் இறங்க நேரம் எடுக்கிறது.

இந்தப் பக்கத்திலேயே கவனமாகப் படிக்க வேண்டிய பதில் இது. என்ஜின் எங்கிருந்தோ கணக்கில் வராத காற்றை உறிஞ்சுகிறது. கலவை மெலிந்து சூடு ஏறுகிறது. ஸ்லோவில் வெறும் தொந்தரவாகத் தெரிவது முழு வேகத்தில் பிஸ்டனைச் சிலிண்டரோடு உரசவைத்துப் பிடித்துவிடும். எல் ஸ்க்ரூவைத் திறந்தால் ஐடில் தற்காலிகமாக அடங்கும். அப்படி அடக்கிவிட்டு அறுக்கப் போவதுதான் மிகப் பெரிய தவறு.

காற்று புகும் இடங்கள் சிலதான். கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் கழுத்து: அதிர்வில் அடிப்பக்கம் கிழியும், மேலிருந்து பார்த்தால் தெரியாது, கழற்றி வளைத்துப் பார்க்க வேண்டும். கார்புரேட்டரின் இரண்டு நட்டு அல்லது போல்ட் தளர்ந்திருக்கலாம். கிராங்க் பெட்டியிலிருந்து கார்புரேட்டருக்கு அழுத்தம் கொண்டுபோகும் மெல்லிய இம்பல்ஸ் டியூப் வெடித்திருக்கலாம். சிலிண்டர் அடி பாக்கிங், டீகம்ப்ரஷன் வால்வு (ஸ்டார்ட் செய்யும்போது இழுப்பை எளிதாக்குவது), கிராங்கின் இரு பக்க ஆயில் சீல் ஆகியவை மிச்சம்.

என்ஜின் ஸ்லோவில் ஓடும்போது சந்தேகப்படும் இடத்தில் சோப்புத் தண்ணீரை லேசாகத் தெளியுங்கள். சத்தம் சட்டென்று மாறினால் கசிவு அங்கேதான். இதற்குப் பெட்ரோலையோ கார்ப் கிளீனரையோ தெளிப்பவர்கள் உண்டு. பக்கத்திலேயே கொதிக்கும் சைலன்சர் இருக்கிறது, அந்த வழி வேண்டாம். மெஷினை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்க்கும்போது வேகம் மாறினால் சீல் மீது சந்தேகம் வலுக்கும். உறுதி செய்ய வேண்டுமானால் சைலன்சர் வாயையும் கார்புரேட்டர் வாயையும் அடைத்து, என்ஜினுக்குள் 0.5 பார் அழுத்தம் ஏற்றி 20 விநாடி பார்க்க வேண்டும். முள் இறங்கக் கூடாது. அதே போல உறிஞ்சியும் பார்க்க வேண்டும், சில சீல்கள் அழுத்தத்தில் மூடிக்கொண்டு, உறிஞ்சும்போதுதான் விடும்.

நேராக வைத்தால் ஓடுகிறது, பாரைக் கீழே சாய்த்தால் அணைகிறது.

எல் அளவுக்கு மேல் திறந்திருந்தால், எரியாத பெட்ரோல் கிராங்க் பெட்டியின் அடியில் தேங்கும். சாய்க்கும்போது அது மொத்தமாக மேலே போய் என்ஜினை மூச்சடைக்கும். அரைக்கால் சுற்றாக எல் ஸ்க்ரூவை மூடிப் பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் கார்புரேட்டரின் ஊசி வால்வு சரியாக மூடாமல் சொட்டிக்கொண்டிருக்கும். டேங்கில் பெட்ரோல் கால்வாசிக்கும் கீழே இருந்தால் முதலில் நிரப்பிவிட்டுச் சோதியுங்கள், ஃபில்டர் காற்றை உறிஞ்சியிருக்கலாம்.

பத்து நிமிடம் நன்றாக ஓடிவிட்டு ஸ்லோவில் அணைகிறது. கொஞ்சம் விட்டால் மறுபடி ஸ்டார்ட் ஆகிறது.

அணைந்த அந்த நொடியே பெட்ரோல் மூடியைத் திறங்கள். "உஸ்" என்று காற்று உள்ளே இழுபட்டு, உடனே ஸ்டார்ட் ஆனால் டேங்கின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. பெட்ரோல் போன இடத்துக்குக் காற்று வராமல் டேங்குக்குள் வெற்றிடம் பிடித்து பெட்ரோலை நிறுத்திவிட்டது. அந்தச் சிறு வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள் அல்லது மாற்றுங்கள்.

மூடியைத் திறந்தும் பயனில்லை, கால் மணி நேரம் ஆறினால்தான் ஓடுகிறது என்றால் இக்னிஷன் காயில். சூட்டில் அதன் உள்சுற்று விட்டுப்போகும். அணைந்தவுடனேயே ப்ளக்கைக் கழற்றி, ஸ்பார்க் டெஸ்டரில் பார்த்தால்தான் பிடிபடும். ஆறிய பிறகு பார்த்தால் ஸ்பார்க் பளிச்சென்று வந்து ஏமாற்றும். காயிலை மாற்றும்போது அதற்கும் ஃப்ளைவீல் காந்தத்துக்கும் நடுவில் 0.3 மி.மீ. இடைவெளி வையுங்கள், ஒரு விசிட்டிங் கார்டின் கனம் ஏறக்குறைய அதுதான்.

கார்புரேட்டரைப் பிரித்தால் எதைப் பார்க்க வேண்டும்?

பிரிக்கும்போதே ஒவ்வோர் அடுக்காகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பாக்கிங், டயாப்ரம் (மெல்லிய ரப்பர் சவ்வு) வரிசை மாறினால் என்ஜின் ஓடாது. அளவிடும் பக்கத்தில், அதாவது நடுவில் சிறு துளையுள்ள மூடி இருக்கும் பக்கத்தில், முதலில் பாக்கிங், அதன்மேல் டயாப்ரம்.

அந்த டயாப்ரத்தை எடுத்து விரல் நுனியில் வையுங்கள். புதியது ஈரத் துணி போலத் தளர்ந்து தொங்கும், சத்தம் வராது. கெட்டது காய்ந்த இலை போல விறைத்திருக்கும், விரலால் சுண்டினால் "டப்" என்று காகிதச் சத்தம் கேட்கும். எரிச்சாராயம் கலந்த பெட்ரோலும் வருடக் கணக்கில் ஆன வயதும் ரப்பரை இப்படி ஆக்கிவிடும். விறைத்த டயாப்ரம் ஸ்லோவின் மெல்லிய உறிஞ்சலுக்கு அசைந்துகொடுக்காது, பெட்ரோல் வராது.

அதன் கீழே ஒரு குட்டி நெம்புகோல், அதன் நுனியில் ஊசி. ஊசியின் ரப்பர் முனையில் வளையம் போல் தேய்ந்த தடம் இருந்தால் மாற்றுங்கள். நெம்புகோலின் உயரம் அதிகமானால் பெட்ரோல் வழியும், குறைந்தால் வராது. அதை வளைக்கும் முன் உங்கள் கார்புரேட்டருக்கு, கம்பெனி வால்ப்ரோவோ ஜாமாவோ, உரிய அளவைப் பாருங்கள். பம்ப் பக்கத்தில் பொட்டு அளவு ஒரு வலை இருக்கும். பலர் பார்க்காமல் விடுவது அதைத்தான், அது அடைத்தாலும் இதே பழுதுதான் வரும்.

துளைகளைக் கம்பியால் குத்தாதீர்கள், துளை பெரிதானால் அந்தக் கார்புரேட்டர் பிறகு அளவுக்கு வராது. கிளீனர் தெளித்துக் காற்றடியுங்கள். காற்றடிக்கும் முன் டயாப்ரங்களை எடுத்துவிட்டிருக்க வேண்டும். சுத்தம் செய்து பழைய டயாப்ரத்தையே மாட்டுவதைவிட, உரிய ரிப்பேர் கிட் வாங்கி எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றுவதே நல்லது.

பெட்ரோல் கலவைக்கும் ஐடிலுக்கும் தொடர்பு உண்டா?

நிறைய. 50-க்கு 1 என்றால் ஒரு லிட்டருக்கு 20 மி.லி. டூ-டி ஆயில், 5 லிட்டருக்கு 100 மி.லி. 25-க்கு 1 என்றால் அதன் இரட்டிப்பு. ஆயிலைக் கூட்டி ஊற்றுவது என்ஜினுக்கு நல்லது என்ற நம்பிக்கை தவறு: ப்ளக் கருக்கும், சைலன்சர் வாய் கரி பிடிக்கும், ஐடில் துப்பும். கலந்த பெட்ரோலை ஒரு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள். நெடுநாள் நிறுத்துவதாக இருந்தால் டேங்கைக் காலி செய்து, தானாக அணையும் வரை ஸ்லோவில் ஓட்டிவிடுங்கள்.

என் மெஷினில் எல், எச் ஸ்க்ரூவே இல்லை.

எம்-ட்ரானிக், ஆட்டோட்யூன் போன்ற மின்னணு முறை உள்ளவை கலவையைத் தாமே சரிசெய்துகொள்ளும். ஃபில்டர், ப்ளக், டியூப், காற்றுக் கசிவு ஆகியவை இவற்றுக்கும் அப்படியே பொருந்தும். அவற்றைச் சரிசெய்த பிறகு கையேட்டில் சொன்னபடி மறு அளவீடு செய்யுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் கணினியில் இணைத்துப் பார்க்கும் சர்வீஸ் மையத்துக்குத்தான் போக வேண்டும்.

உயரமான மலைப்பகுதிக்குக் கொண்டுபோனதும் ஸ்லோவில் திணறுகிறது.

காற்று அடர்த்தி குறைந்ததால் அதே பெட்ரோல் இப்போது அதிகமாகிவிட்டது. எல் ஸ்க்ரூவைச் சிறிது மூடுங்கள். கீழே இறங்கியதும், முதல் அறுப்புக்கு முன்பே, மறக்காமல் பழைய இடத்துக்குத் திறந்துவிடுங்கள்.

ஐடிலில் செயின் ஆயில் வருவதில்லை. பழுதா?

பல மாடல்களில் ஆயில் பம்பைச் சுழற்றுவது கிளட்ச் ட்ரம். ட்ரம் நின்றால் பம்பும் நிற்கும், பழுது இல்லை.

எல்லாம் செய்தும் நிற்கவில்லையே?

கம்ப்ரஷன் பாருங்கள். ஸ்டார்ட்டர் கயிற்றைப் பிடித்து மெஷினைத் தொங்கவிட்டால், நல்ல என்ஜின் தடுத்துத் தடுத்து இறங்கும், தேய்ந்தது சரசரவென்று இறங்கிவிடும். கேஜ் இருந்தால், த்ராட்டிலை முழுதாகத் திறந்து ஐந்தாறு முறை இழுத்துப் பாருங்கள். 150 பி.எஸ்.ஐ. அருகே இருந்தால் நன்று, 100-க்குக் கீழே போனால் கார்புரேட்டரோடு போராடிப் பயனில்லை. டீகம்ப்ரஷன் பொத்தான் அழுந்தியிருக்கவில்லை என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு சைலன்சரைக் கழற்றி, டார்ச் அடித்து, புகைவாய் வழியாகப் பிஸ்டனின் பக்கவாட்டைப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் ரிங் மாற்றிப் பார்க்கலாம். மேலிருந்து கீழாகக் கீறல் கோடுகள் தெரிந்தால் என்ஜின் ஏற்கெனவே ஒருமுறை பிடித்திருக்கிறது. அப்போது பிஸ்டன், சிலிண்டர் மாற்றும் முன், அதைப் பிடிக்கவைத்த காற்றுக் கசிவைத் தேடிப் பிடியுங்கள். விட்டுவிட்டால் புதிய பிஸ்டனும் அதே வழியில் போகும்.